டி டிரைவில் நகராத ஒன்று

காலியாகக் கிடந்தது நூற்று எண்பத்தெட்டு ஜி.பி. குறுக்க முடியும் என்று கம்ப்யூட்டர் சொன்னது மூன்றே மூன்று.

லூர்துசெல்வி கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். எண் மாறவில்லை. எஸ்டேட் ஆபீஸின் பழைய லேப்டாப் திரையில் இரண்டு கட்டங்கள். இடது பக்கம் சி டிரைவ், வலது பக்கம் டி டிரைவ். டி-யில் இருந்ததெல்லாம் பன்னிரண்டு வருஷத்து ஆஜர் பதிவேடுகள் மட்டும்தான். ஒரு மூலையில் அடங்கிவிடும். மீதி முழுக்க வெற்றிடம். அந்த வெற்றிடத்தைக் குறுக்கி சி-க்குக் கொடுப்பதற்குத்தான் சாப்பாடு முடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள்.

மணி மூன்றரை. ஜன்னலுக்கு வெளியே காப்பி உலர்த்தும் களம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. சில்வர் ஓக் மரங்களிலிருந்து தகரக் கூரையில் தண்ணீர் சொட்டுவதும், கொட்டச்சேடு பஸ் ஏதோ ஒரு வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்குவதும், அதற்கெல்லாம் மேலே பெரிய பஞ்சு மூட்டையை வைத்து அழுத்தியது போன்ற ஓர் அமைதியும் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை.

அவள் சேலத்துக்குப் போன் போட்டாள். ஜெப்சன் அவளுடைய அக்கா மகன்; புதிய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். எல்லா டிஸ்க்கிலும் இப்படி ஒன்று இருக்கும் என்றான். கடைசியில் ஏதாவது ஒரு ஃபைல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்குமாம். அது இருக்கும்வரை டிரைவின் எல்லைச் சுவரை அதைத் தாண்டி உள்ளே தள்ள முடியாதாம்.

"அது நகராதுங்க சித்தி. நாம கட்டிக் கொடுத்த சுவத்தை அது புடிச்சுக்கிட்டு நிக்குது. நான் ஒரு சாப்ட்வேர் அனுப்பறேன், அதுல இழுங்க. நகராததையும் நகத்திரும்."

"ரெண்டு மணி நேரத்துல முடியுமா கண்ணு?"

"முடியும். ஆனா நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்தினா பதிவேடும் போயிரும். பழைய சுத்தற டிஸ்க்கு வேற. சத்தம் வரும், பயந்துக்காதீங்க."

எதற்காக இந்த வேலை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்?

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். லேப்டாப்பை எடுத்துப் போகப் போகிறார். பதிவேடுகள் இருக்க வேண்டும். அவர் கேட்டிருப்பதே அதைத்தான். இருக்கக் கூடாதது ஒரு வீடியோ. அதை அவள் திங்கட்கிழமையே அழித்துவிட்டாள். ஆனால் அழித்தது அழிவதில்லை என்று மேனேஜர் ஜேசுதாஸுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெயர்தான் போகும், உடம்பு அங்கேயே கிடக்கும். தெரிந்தவன் தோண்டினால் வெளியே வந்துவிடும். அதனால் அது கிடக்கும் இடத்தையே டி-யிலிருந்து வெட்டி எடுத்து, சி-யோடு சேர்த்து, அதன்மேல் புது காட்டேஜ்களின் படங்களைக் கொட்டி மூடிவிட வேண்டும்.

மேனேஜர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மகள் ஜோஸ்லின் நர்சிங் இரண்டாம் வருஷம்தானே என்று அன்பாக விசாரித்தார். குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார். "நீ இங்கயே இருக்கணும்மா லூர்து" என்றார். அவ்வளவுதான்.

போன நவம்பர். நான்கு நாள் விடாத மழை. விடியற்காலையில் தொழிலாளிகள் குடியிருந்த கீழ் லயன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த தாங்குசுவர் சரிந்து கடைசி வீட்டின்மேல் உட்கார்ந்தது. யார் உள்ளே, யார் வெளியே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பனி வேறு. எஸ்டேட்டில் ஆஜர் எழுதுகிற ரைட்டர் லூர்துசெல்விதான். எல்லார் பெயரும் அவளுக்குத்தான் மனப்பாடம். மண்மேட்டின் முன்னால் நின்று பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

இந்த மலையில் பனிக்காலத்து ஆஜர் ஒரு தினுசு. களத்தில் நிற்பவர்களின் முகம் ரைட்டருக்குத் தெரியாது. குரலும் பனியில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது. அதனால் பெயரைக் கூப்பிட்டதும் பெண்கள் தங்கள் சோற்றுத் தூக்குப்போசியைத் தட்டுவார்கள். ஒருத்தி ஒரு தட்டு, ஒருத்தி இரண்டு. ரைட்டர் தலையை நிமிர்த்தாமலே டிக் போட்டுக்கொண்டு போவாள். கிருஷ்ணம்மாளுக்கு மூன்று தட்டு. இரண்டு வேகமாக; கொஞ்சம் இடைவெளி விட்டு, மறந்துவிட்டு நினைத்துக்கொண்டாற்போல, மூன்றாவது.

அன்று கிருஷ்ணம்மாள் என்று கூப்பிட்டபோது மண்ணுக்குள்ளிருந்து மூன்று தட்டு வந்தது.

சரிவு மறுபடி இறங்கும் என்று சொல்லி மேனேஜர் அதற்குள் மற்ற எல்லாரையும் மேல் குடோனுக்கு அனுப்பியிருந்தார்; கேட்டது அவள் மட்டும்தான். அவள் ஓடிப் போய்ச் சொன்னாள். அவர் நம்பவில்லை. நம்ப வைப்பதற்காகத்தான் செல்போனில் வீடியோ எடுத்தாள்; பிறகு அதை லேப்டாப்பின் டி டிரைவுக்கு மாற்றிவிட்டாள். அதில் அவள் கூப்பிடுகிற குரல் இருக்கிறது. பதிலுக்கு வந்த மூன்று தட்டு இருக்கிறது. ஜே.சி.பி. வருவதானால் காட்டேஜ்களுக்குப் புதிதாகப் போட்ட கான்கிரீட் ரோட்டின் வழியாகத்தான் வர வேண்டும், அது இன்னும் காயவில்லை, சுற்றுப்பாதை சரியாகட்டும் என்று மேனேஜர் யாரிடமோ போனில் சொன்னதும், அவள் நிறுத்தாமலே அவரிடம் ஓடி வந்ததால், அதிலேயே இருக்கிறது.

ஜே.சி.பி. மூன்று மணிக்கு வந்தது. தட்டல் ஒரு மணிக்கே நின்றுவிட்டது. சுவர் விழுந்த நிமிஷமே உயிர் போய்விட்டது என்று அறிக்கை எழுதினார்கள். கீழே சாட்சிக் கையெழுத்து, லூர்துசெல்வி.

ஜெப்சன் அனுப்பியது வந்து சேர்ந்தது. திறந்தாள். டி கட்டத்தின் ஓரத்தில் அம்புக்குறியை வைத்து இழுத்தாள்.

மவுஸுக்கு என்ன கனம் இருக்கப் போகிறது? இருந்தாலும் மணிக்கட்டு வலித்தது. மழைக்கு ஊறிய மேஜை டிராயரை இழுப்பதுபோல இழுத்தாள். ஓரம் கொஞ்சம் வந்தது, நின்றது, பின்வாங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தபோது ஒரேயடியாக நகர்ந்து, பதிவேடுகளின் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினாள்.

ஒரு சதவீதம். இரண்டு.

டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. மிஷினுக்குள் எறும்பு ஊர்வதுபோலக் கரகரவென்று சத்தம், உள்ளங்கைக்குக் கீழே லேசான சூடு, பக்கத்து அறையில் அடுக்கியிருந்த காப்பிக்கொட்டை மூட்டைகளின் புளித்த மணம். எல்லாம் வழக்கம்போலத்தான். ஒரு பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

பின்மண்டை சுவரில் இடித்தது.

திரும்பிப் பார்த்தாள். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் பெருக்குகிறவள் நடந்துபோகிற அளவுக்கு இடம் இருக்கும். இப்போது நாற்காலியின் முதுகு சுண்ணாம்பில் பதிந்திருந்தது. தானே நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மேஜையை முன்னால் தள்ளிப் போட்டாள். அது இரண்டு சாண்தான் போயிற்று. எதிர்ச்சுவரில் முட்டி நின்றது.

பதினாறு சதவீதம்.

டக் டக்.

லேப்டாப்புக்குள்ளிருந்துதான். பழைய டிஸ்க், சத்தம் வரும் என்று ஜெப்சன் சொல்லியிருக்கிறான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. சரி, அவ்வளவுதான் என்று தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டும்போது, மறந்துவிட்டு நினைத்துக்கொண்டாற்போல—

டக்.

கை பாட்டிலிலேயே நின்றது.

மிஷின், அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மிஷினுக்கு எண்ணத் தெரியாது. மூன்று என்பது தற்செயல். ஆனால் காப்பி மணம் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வேறொரு வாசனை நிதானமாக வந்து உட்கார்ந்தது. ஈரச் செம்மண். அறுந்த வேர். விறகுச் சாம்பலில் தண்ணீர் பட்ட வாசனை.

ஜன்னலில் நிழல் விழுந்தது. அவள் எழுந்தேவிட்டாள்.

காளியப்பன். கிருஷ்ணம்மாளின் புருஷன். சரிவுக்குப் பிறகு தோட்ட வேலைக்கு உடம்பு வணங்காமல் போய், மேனேஜர் தயவில் காவல் வேலை பார்க்கிறான். அன்றைக்கு அவன் கிளியூரில் தங்கை வீட்டில் இருந்தான். மரம் விழுந்து பாதை அடைத்து, அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் துணியில் சுற்றிக் கட்டியாகிவிட்டது.

பனியில் நனைந்த கம்பளியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலையில் கும்பிட்டது போலவே இப்போதும் கும்பிட்டான்.

"ஏனுங்க ரைட்டரம்மா. நாளைக்கு ஆபீசரு வாராருன்னு சொன்னாங்க."

அவள் தலையசைத்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணுமுங்க. கேஸு ஜெயிக்கோணும்னெல்லாம் இல்லீங்க. அது என்னமோ வக்கீலு பாத்துக்குவாரு." அவன் கம்பிக்கு இன்னும் நெருங்கி வந்தான். "நீங்க அங்கதான் நின்னீங்க. அவ பொசுக்குனு போயிட்டாளுங்களா? இல்ல, உள்ள கெடந்தாளா?"

நாற்பத்தொன்று சதவீதம். திரை அவள் பக்கமாக இருந்தது. அவனுக்குத் தெரியாது. கீழே சிவப்பாக ஒரு சின்ன பட்டன் இருந்தது. ரத்துசெய். அதை அழுத்தினால் வெட்டு பாதியில் நிற்கும். பதிவேடும் சிதையும், லேப்டாப்பும் படுத்துவிடும், நாளைக்கு வருகிறவன் ஏன் படுத்தது என்று நிச்சயம் தோண்டுவான். தோண்டட்டுமே. அம்புக்குறியை அங்கே கொண்டுபோனாள். ஒரு விரல் அசைந்தால் போதும்.

வேலை. குவார்ட்டர்ஸ். ஜோஸ்லின்.

அம்புக்குறியை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"உடனே போயிட்டா காளியப்பா. வலியே தெரிஞ்சிருக்காது."

டக் டக்.

காளியப்பனின் தலை மெல்லச் சாய்ந்தது. கோழி தரையில் எதையோ பார்த்தால் சாய்க்குமே, அப்படி. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

டக்.

"அது என்ன சத்தமுங்க?"

"கம்ப்யூட்டரு. பழசாயிருச்சு."

அவன் எதையோ கேட்க வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டான். "அப்பச் சரிங்க. நீங்க சொன்னாச் சரிங்க. எட்டு மாசமா தூக்கமில்லீங்க, இன்னைக்குத் தூங்குவேன்" என்றான். பனி அவனை இரண்டடியில் விழுங்கிவிட்டது.

அவன் நம்பியது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு சுலபமாகவா நம்புவார்கள்? கொஞ்சம் மறுத்துப் பேசியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ என்று பழியை அவன் தலையிலேயே தூக்கிப் போட்டாள். அதுகூட ஒரு நிமிஷம்தான் நின்றது.

ஏனென்றால் ஜன்னல் சின்னதாகியிருந்தது.

நான்கு கம்பி இருந்த ஜன்னலில் இரண்டு கம்பி. மற்ற இரண்டை யாரும் பிடுங்கவில்லை. சுவர் அவற்றின்மேல் ஏறி நின்றிருந்தது, கதவை முக்கால்வாசி சாத்தியது போல. பதிவேட்டு அலமாரி எங்கே? பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதி சுண்ணாம்புக்குள். கடவுள் படம் போட்ட காலண்டர் இப்போது அவள் தோளில் உரசியது.

வெளியே போய்விட வேண்டும். நாற்காலியிலிருந்து கதவுக்கு ஐந்து எட்டு. பதினெட்டு வருஷமாக நடக்கிற ஐந்து எட்டு. இருட்டிலும் தவறாது. எழுந்தாள்.

கரண்ட் போயிற்று.

பல்பு அணைந்தது. யு.பி.எஸ். மூன்று முறை கீச்சிட்டு அதுவும் செத்தது. லேப்டாப்பில் பேட்டரி கிடையாது. உப்பிப் போனதென்று போன வருஷமே கழற்றியாகிவிட்டது. ஆனால் திரை எரிந்துகொண்டிருந்தது. நீல வெளிச்சத்தில் டி கட்டம் உள்வாங்கியது. உள்வாங்கியது. உள்வாங்கியது.

எழுபத்து மூன்று.

ரத்துசெய். இப்போது அழுத்தினாள். அழுத்தினாள். பட்டன் அழுந்தியது, எழும்பியது. எண் நிற்கவில்லை. நடுவில் நிறுத்த முடியாது என்று அவளே சம்மதம் கொடுத்திருக்கிறாள்.

எண்பத்தாறு.

ஓர் எட்டு வைத்தாள். இரண்டாவது எட்டில் கை சுவரில் பட்டது. இங்கே சுவரே கிடையாது. தடவினாள். சுண்ணாம்பு இல்லை. ஈரம். கல்லும் மண்ணும். நகத்துக்குள் சில்லென்று சேறு. மேஜைப் பக்கம் திரும்பினாள்.

நீல வெளிச்சம் இல்லை.

அங்கேயும் சுவர். அதற்கு அந்தப் பக்கம் லேப்டாப்பின் காற்றாடி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மிக மெல்ல. ஒரு மூட்டைக்கு அப்பால் கேட்பது போல.

இடது கை. சுவர். வலது கை. சுவர். தலைக்கு மேல் கையைத் தூக்கினாள். முழுதாக நீளவில்லை.

கத்தினாள். சத்தம் அவள் வாய்க்கு முன்னாலேயே விழுந்தது. மூச்சை இழுத்தபோது மண் வந்தது.

காற்றாடி நின்றது. வேலை முடிந்தால் அது நிற்கும்.

கதவு கிறீச்சிட்டது. அந்தப் பக்கம் ஆபீஸ் அறைக்குள் செருப்புக் காலடிகள் நடந்து வந்தன. மேனேஜரின் குரல். கூட காளியப்பன்.

வேலையை முடித்துவிட்டுப் பூட்டாமலே போய்விட்டாள் போலிருக்கிறது என்றார் மேனேஜர். லேப்டாப்பை மூடும் சத்தம் கேட்டது. எல்லாம் சுத்தமாகிவிட்டது, நல்ல வேலைக்காரி என்றார். பிறகு கொஞ்ச நேரம் டார்ச்சை நாலாபக்கமும் அடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏய்யா காளியப்பா, இந்த ரூம் இவ்வளவு பெருசா?"

லூர்துசெல்வி கை முட்டியால் இடித்தாள். இடித்தாள். தோல் கிழிந்தது. வளையலைக் கழற்றி அதன் விளிம்பால் கல்லைத் தட்டினாள்.

காலடிகள் நின்றன.

"செவுத்துக்குள்ள என்னமோ இருக்கறாப்ல இருக்குதுங்க."

"எலியாயிருக்கும்."

"எலி இப்படி நின்னு நின்னு தட்டாதுங்க சாமி."

சுவரின் அந்தப் பக்கம் காளியப்பனின் உள்ளங்கை பதிவது அவளுக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கம். அவன் மூச்சு கேட்டது. சொல்லு. தோண்டு. கையாலயாவது தோண்டு.

"உனக்குத் தூக்கம் கெட்டுப் போச்சு, அதான்" என்றார் மேனேஜர். "ரைட்டரம்மாவே சொன்னாங்கல்ல. அப்புறம் என்ன. வா, பூட்டு."

கை விலகியது. செருப்புகள் நடந்தன. கதவு. தாழ்ப்பாள். பூட்டு.

உட்கார இடமில்லை. இருந்த இடத்திலேயே குறுகினாள். முழங்கால் எதிரில் இடித்தது, முதுகு பின்னால் இடித்தது. வளையல் கை நழுவிக் கீழே விழுந்தது. அதைத் தேடினாள். இருட்டில், காலுக்கு அருகே, மண்ணைத் துழாவினாள். கல். வேர். நசுங்கிய தூக்குப்போசி. அதற்கு அடியில் மெத்தென்று ஒன்று.

ஒரு கை.

அவள் விரல்களை அது ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது, கண் தெரியாதவர்கள் ஆளை அடையாளம் பிடிப்பதுபோல. பிறகு இறுகப் பற்றிக்கொண்டது.

சூடாக இருந்தது.